பொட்டலத்தில் வேகும் மீன்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, இரவு ஒன்பது மணி இருக்கும். கோலாலம்பூரிலிருந்து அண்ணன் மகள் அழைத்தாள். செந்தூலில் தோழிகளோடு வாடகை வீட்டில் இருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது.

“அத்தை, மீனை பேப்பர்ல சுத்தி ஓவன்ல வச்சேன். பதினஞ்சு நிமிஷத்துல மீன் பஞ்சு மாதிரி வெந்துருச்சு. ஆனா மசாலா பச்சை வாடை அடிச்சுது. சரின்னு இன்னும் பத்து நிமிஷம் வச்சேன். இப்ப மீன் சக்கையாப் போச்சு, மசாலா மட்டும் அப்படியே இருக்கு. எங்க விட்டேன் அத்தை?”

அவள் எதையும் விடவில்லை. மீனில் மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது எல்லாம் தடவியிருக்கிறாள். நம் வீடுகளில் மீன் பொரிக்கும்போது செய்கிற அதே வேலை. வாணலியில் அது சரியாக வரும், பொட்டலத்தில் வராது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. முதல் தடவை நானும் இதையேதான் செய்தேன். என் வீட்டில் அன்றைக்கு மீனைக் கழுவிவிட்டுச் சாப்பிட்டார்கள்.

தொலைபேசியில் அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஓவனைத் தொட்டே பழக்கமில்லாதவர்களும் இதைச் செய்துவிடலாம். பொட்டலத்துக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் புரிய வேண்டும்.

உள்ளே இருப்பது இட்லிப் பானை

ஓவனில் வைக்கிறோம் என்பதால் இதை மீனைச் சுடுகிற வேலை என்று நினைத்துக்கொள்கிறோம். காகிதத்தின் ஓரத்தை மடித்து மூடிவிட்டால் அது அவிக்கிற வேலை ஆகிவிடுகிறது. வெளியே ஓவன் 200 டிகிரி செல்சியஸில் இருக்கலாம். உள்ளே ஈரம் இருக்கிற வரையில் நீராவி சூழ்ந்த அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் கொதிக்கிற சூடு அதுதான். வருகிற வெப்பம் எல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும்.

இட்லிப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் தண்ணீர் கொதிக்கிறது, ஆவி மேலே போகிறது, குளிர்ந்த மாவில் பட்டு மறுபடி நீராகிறது. நீராகும் அந்தக் கணத்தில் தன்னிடம் இருந்த வெப்பத்தை மாவுக்குக் கொடுத்துவிடுகிறது. அந்த வெப்பம் சின்னதல்ல. ஒரு கரண்டித் தண்ணீரைப் பனிக்கட்டிக் குளிரிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல், அதே தண்ணீரை ஆவியாக மாற்ற வேண்டும். அந்த ஐந்து மடங்கும் ஆவி திரும்ப நீராகும்போது வெளியே வருகிறது. இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது கையில் ஆவி பட்டால் கொதிநீர் பட்டதைவிட எரிவது இதனால்தான்.

மீன் பொட்டலத்தில் தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியதே இல்லை. மீனின் சாறு, தக்காளியின் சாறு, மேலே விட்ட ஒரு கரண்டித் தேங்காய்ப் பால் ஆகியவையே ஆவியாகின்றன, மீனில் படிகின்றன, வடிகின்றன, மறுபடி ஆவியாகின்றன. வெளியே போக வழி இல்லாததால் அதே சாறு சுற்றிச் சுற்றி வந்து மீனை வேகவைக்கிறது. பன்னிரண்டு நிமிடத்தில் மீன் வெந்து மிருதுவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இதே காரணம்தான் என் அண்ணன் மகளை மாட்டிவிட்டதும். மசாலாவை வாணலியில் எண்ணெயில் வதக்கும்போது என்ன ஆகிறது? முதலில் தக்காளி, வெங்காயம், விழுது எல்லாவற்றிலும் இருக்கிற தண்ணீர் கொதித்துப் பறக்கிறது. பச்சை வாடையும் அதோடு சேர்ந்து கிளம்புகிறது. தண்ணீர் தீர்ந்ததும் சூடு 100 டிகிரியைத் தாண்டுகிறது. அப்போதுதான் எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மினுங்கும். “எண்ணெய் பிரியும் வரை வதக்கு” என்று அம்மா சொன்னதற்கு, தண்ணீர் போய்விட்டது, இனிமேல்தான் மசாலா வறுபடும் என்று பொருள். பொட்டலத்துக்குள் தண்ணீர் போகவே போகாது. சூடும் ஏறாது. வாடை கிளம்பினாலும் காகிதத்தில் முட்டி மீனிலேயே இறங்கும். பத்து நிமிடம் வைத்தாலும் ஒரு மணி நேரம் வைத்தாலும் இதில் மாற்றம் இல்லை.

மீன் மேலே சிவந்து முறுகாததும் இதனால்தான். அதற்குச் சுமார் 140 டிகிரியும் உலர்ந்த மேற்பரப்பும் வேண்டும். முறுகல் வேண்டுமென்று தோன்றுகிற நாளில் பொரித்துக்கொள்ளுங்கள். பொட்டலத்திடம் அதைக் கேட்க முடியாது.

நாக்கில் வைத்துப் பார்

அவளுக்கு நான் கொடுத்த விதி ஒன்றே ஒன்று. மீனில் தடவப்போகும் மசாலாவை, மீனில் படுவதற்கு முன்னால், நுனி விரலில் எடுத்து நாக்கில் வை. இப்படியே சோற்றில் பிசைந்து சாப்பிடலாம் போல் இருந்தால் பொட்டலத்துக்குள் போகலாம். முகம் சுளித்தால் முதலில் அடுப்புக்குப் போகட்டும்.

இலையில் கட்டி மீன் சமைக்கிற ஊர்க்காரர்கள் எல்லாரும் எப்படியோ இந்த விதிக்குள்தான் இருக்கிறார்கள். பார்சிக்காரர்களின் பத்ரானி மச்சியில் கொத்தமல்லி, தேங்காய், பச்சைமிளகாய்ச் சட்னியை மீனில் அப்பி வாழையிலையில் கட்டி அவிக்கிறார்கள். அந்தச் சட்னியைப் பச்சையாகவே தொட்டுக்கொள்ளலாம். வங்காளத்துப் பாதூரியில் கடுகு விழுதும் கடுகெண்ணெயும் சேரும். அந்தக் காரமான பச்சைக் கடுகு நெடியைத்தான் அவர்கள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். கேரளத்து மீன் பொள்ளிச்சதைப் பாருங்கள், அதில் மிளகாய்த்தூள், மல்லித்தூள் எல்லாம் வருகிறது. அதனால் அங்கே வெங்காயம், தக்காளி, தூள் எல்லாவற்றையும் நன்றாக வதக்கிய பிறகே மீனோடு இலைக்குள் வைத்துக் கட்டுகிறார்கள். பொடி சேர்ந்தால் வதக்கு, பச்சை இலையும் தேங்காயும் என்றால் அரைத்து வை. இவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் மாறி மாறி வருவது மூன்று.

வேலை மிகக் குறைவானது பச்சை மசாலா. ஒரு கைப்பிடி கொத்தமல்லி, அதே அளவு துருவிய தேங்காய், இரண்டு பச்சைமிளகாய், ஒரே ஒரு பல் பூண்டு, உப்பு, லீமாவ் காஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சை இரண்டின் சாறு. தண்ணீர் விடாமல் கெட்டியாக அரைக்க வேண்டும். பூண்டைக் கூட்டாதீர்கள்; பச்சைப் பூண்டு உள்ளே சரியாக வேகாது, மறுநாள் வரை வாயில் நிற்கும்.

இரண்டாவது சிவப்பு மசாலா. ஞாயிற்றுக்கிழமை மதியம் கொஞ்சம் நேரம் எடுத்துச் செய்து வைத்துவிடுவேன். பத்துச் சின்ன வெங்காயம், ஐந்து பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, செராய், அதாவது எலுமிச்சைப்புல், ஒரு தண்டின் வெள்ளைப் பகுதி, இவற்றை அரைத்து, நிறைய எண்ணெயில் கறிவேப்பிலையோடு வதக்கி, இரண்டு மேசைக்கரண்டி மீன் மசாலைத்தூளைச் சிறிது தண்ணீரில் குழைத்து ஊற்றி, இரண்டு தக்காளியை நறுக்கிப் போட்டு, எண்ணெய் பிரிகிற வரை விடாமல் கிளற வேண்டும். கடைசியில் கெட்டியான புளிக்கரைசல் ஒரு கரண்டி. ஆறவைத்துப் போத்தலில் அடைத்தால் குளிர்பெட்டியில் நான்கு நாள் தாங்கும். சூடாக இருக்கும்போது மட்டும் மீனில் தடவக் கூடாது. பொட்டலம் கட்டுவதற்குள்ளேயே மீனின் மேல்தோல் அரைகுறையாக வெந்துவிடும்.

மூன்றாவதைப் பக்கத்து வீட்டுச் சீன அம்மாவிடம் கற்றுக்கொண்டேன். எங்கள் பினாங்கில் தியோச்சியூ சீனர்களின் முறையில் மீன் அவிப்பார்கள்: தக்காளி, இஞ்சி, உப்பில் ஊறிய கடுகுக் கீரை, புளிப்புப் பிளம், தவ்ஃபு என்ற சோயாக் கட்டி. எல்லாமே அப்படியே வாயில் போட்டுக்கொள்ளக் கூடியவை. பொடி என்ற பேச்சே இல்லை. காய்ச்சல் வந்து எழுந்தவர்களுக்கு இதைவிட நல்ல இரவுச் சாப்பாடு எனக்குத் தெரியாது.

தாளிப்பு வேண்டும் என்றால் கடைசியில்தான். உள்ளே கடுகு வெடிக்காது. பொட்டலத்தைப் பிரித்த பிறகு, ஒரு கரண்டி நல்லெண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் பொரித்து மீனின் மேல் ஊற்றிப் பாருங்கள். அந்தச் சத்தமும் மணமும் வீட்டில் இருப்பவர்களை அழைத்து வந்துவிடும்.

காய்களுக்கும் இதே கதைதான். மீனுக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும். அந்த நேரத்தில் வேகக் கூடியதுதான் மீனோடு போகலாம். தக்காளி, நீளவாக்கில் பிளந்த வெண்டைக்காய், சாவி என்ற கடுகுக் கீரை, மெல்லிய குடைமிளகாய்த் துண்டு எல்லாம் சரி. உருளைக்கிழங்கை வேகவைத்துப் பிறகு அடியில் பரப்பலாம். கேரட்டைத் தீக்குச்சி கனத்துக்கு நறுக்க வேண்டும். வெங்காயத்தை மெல்லிசாகச் சீவி எண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டிப் போடுங்கள், இல்லையென்றால் நறநறவென்று கடிபடும். காளான் தண்ணீர் விடும், கொஞ்சமாகப் போடுங்கள்.

எந்த மீன்?

வெள்ளை மீன் என்றால் சதை வெள்ளையாக இருக்கிற மீன். தோலின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இக்கான் மேரா என்ற மீனுக்குத் தோல் சிவப்பு, சதை வெள்ளை. கெம்போங்கும் (கானாங்கெளுத்தி) சூரையும் ஓயாமல் நீந்திக்கொண்டே இருக்கிற மீன்கள், சதை கறுத்து எண்ணெய்ப் பிடிப்போடு இருக்கும். களவா மாதிரி பாறை இடுக்கில் பதுங்கி, இரை வந்தால் மட்டும் பாய்கிற மீனுக்கு அந்தக் கறுத்த சதை அதிகம் தேவையில்லை. வாடையும் குறைவு. மூடிய பொட்டலத்தில் எல்லா வாசனையும் உள்ளேயே நிற்கும் என்பதால் இது முக்கியம். கெம்போங்கை நான் பொட்டலம் கட்டுவதில்லை. அசாம் லக்சா என்ற புளிப்பு மீன் நூடுல்ஸிலும் பொரியலிலும் அதற்கு இணை இல்லை, அது அங்கேயே இருக்கட்டும்.

எங்கள் பக்கம் சுலபமாகக் கிடைப்பது சியாகாப். தமிழில் கொடுவா. வங்காளத்தில் பாதூரிக்குப் பேர்போன பேக்டியும், ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்று விற்பதும் இதே மீன்தான். கூண்டுப் பண்ணைகளில் வளர்ப்பதால் வருடம் முழுக்கக் கிடைக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். சதை கனமாக இருக்கும், முள் குறைவு, ஒரு நிமிடம் கூடிப்போனாலும் மன்னித்துவிடும். செனாங்கின், அதாவது காலா மீன், இன்னும் மென்மை; விலையும் கூடுதல். வெள்ளை வவ்வாலை முழுசாகக் கட்டலாம், ஆனால் முதல் நாளே வேண்டாம்.

பேரங்காடியில் உறைபெட்டியில் ‘டோரி’ என்று இருக்கும் வெள்ளை ஃபிலே பெரும்பாலும் வியட்நாம் பக்கத்திலிருந்து வரும் ஆற்றுக் கெளுத்தி வகை. ஜான் டோரி என்ற கடல்மீன் வேறு. விலை மலிவு, முள் இல்லை, பிள்ளைகளுக்குப் பிடிக்கும், வாங்கலாம். நிறையத் தண்ணீர் விடும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். முந்தின இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உறைவு நீக்கி, துணியால் ஒற்றி எடுத்துவிட்டுச் சமையுங்கள்.

பாசாரில் முழுமீனாக வாங்கினால், இரண்டு பக்கச் சதையையும் எடுத்து, தலையையும் நடுமுள்ளையும் தனிப் பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். தலையை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். ஒரு ஆளுக்கு 150 முதல் 180 கிராம் சதை போதும். துண்டுகள் ஒரே கனமாக இருப்பது எடையைவிட முக்கியம். வால்பக்கம் மெலிந்திருந்தால் அதை அடியில் மடித்துவிடுங்கள், கனம் சமமாகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் மஞ்சளும் உப்பும் தேய்த்துக் கழுவுவது நம் வழக்கம். நன்று. கழுவிய பிறகு ஈரத்தை ஒற்றி எடுக்காமல் விடுவதுதான் நாம் செய்யும் பிழை. எலுமிச்சையோ புளியோ தடவி ஊறவைத்தால் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. புளிப்பே மீனைப் பாதி வேகவைத்துவிடும்; அப்புறம் சூடு பட்டால் சுண்ணாம்பு மாதிரி உதிரும்.

கட்டும் கை

பேக்கிங் பேப்பரை ஒரு முழ நீளம் கிழித்துக்கொள்ளுங்கள். மெழுகுத்தாள் வேறு, அது ஓவனில் உருகும். வாங்கும்போது பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். தாளை நடுவில் மடித்து விரித்தால் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கமாகக் காயைப் பரப்பி, மேலே மீனை வைத்து, மசாலாவை அப்பி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் அல்லது ஒரு மேசைக்கரண்டி தேங்காய்ப் பால் விடுங்கள். 150 கிராம் மீனுக்கு மசாலாவில் இருப்பதையும் சேர்த்துக் கால் தேக்கரண்டி உப்புதான் கணக்கு. குழம்புக்குப் போடுகிற கையோடு போட்டுவிடாதீர்கள். எதுவும் வடிந்து போகாது, ஆவியாகியும் போகாது, போட்டதெல்லாம் தட்டுக்கு வரும்.

இப்போது மறுபாதியை மேலே மூடி ஓரத்தை மடிக்க வேண்டும். மடிப்பின் ஒரு முனையில் தொடங்குங்கள். ஒரு விரல் அகலம் உள்ளே மடித்து நகத்தால் அழுத்தி நீவுங்கள். அடுத்த மடிப்பு முந்தின மடிப்பின் பாதியின் மேல் ஏறி உட்கார வேண்டும். சோமாசியின் ஓரத்தை முறுக்குவோமே, அதே கைவாகு. அரைவட்டமாகச் சுற்றி வந்து, கடைசி முனையை மிட்டாய்க் காகிதம் போல் முறுக்கி அடியில் செருகிவிடுங்கள். மீனின் மேல் இறுக்கிக் கட்டாதீர்கள். இரண்டு விரல் உயரம் காற்றுக்கு இடம் இருந்தால்தான் ஆவி சுற்றி வரும். ஓவனுக்குள் ஐந்தாறு நிமிடத்தில் பொட்டலம் பூரி போல உப்பினால் கட்டு சரியாக இருக்கிறது என்று பொருள். ஓரத்தில் எங்காவது சாறு கசிந்து தட்டில் கருகினால் அந்த மடிப்பு திறந்துவிட்டது.

வாழையிலை பிடித்தமானவர்கள் இலையை முதலில் தீயில் வாட்ட வேண்டும். அடுப்புச் சுடருக்கு மேலே ஒரு சாண் தள்ளி, மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். மங்கிய பச்சை சட்டென்று கரும்பச்சையாகி எண்ணெய் தடவினதுபோல் மினுங்கும். அந்த நிறமாற்றம் இலையின் மேல் ஒரு அலை போல நகரும், அதன் பின்னாலேயே கை போக வேண்டும். வாட்டாத இலை மடிக்கும்போது நரம்போடு கிழிந்துவிடும். மசாலா சேர்த்த மீனை இலையில் கட்டும் பினாங்கு ஓத்தாக்-ஓத்தாக்கைப் பார்த்திருப்பீர்கள். ஜொகூரில் மூவார்ப் பக்கம் அதை நீளமாகத் தணலில் சுடுவார்கள். இங்கே வாழையிலையில் சின்னப் பொட்டலமாக்கி, உள்ளே வெற்றிலை போன்ற காடோக் இலை போட்டு, ஆவியில் வேகவைப்பார்கள். ஓவன் காற்று உலர்ந்தது, தனி இலை அதில் வெடித்துக் கிழியும். அதனால் நான் உள்ளே வாழையிலை, வெளியே பேக்கிங் பேப்பர் என்று இரண்டு சுற்றாகக் கட்டுகிறேன். இலையின் மணமும் கிடைக்கும், சாறும் தப்பாது. காகிதம் இல்லாமல் இட்லிப் பானையில் வைப்பதானால் இலைப் பொட்டலத்தின் இரண்டு முனையையும் ஈர்க்குக் குத்தி மூடிவிடலாம்.

அலுமினியத் தாளும் ஆகும், மடிப்பதற்கு அதுதான் சுலபம். புளி, எலுமிச்சை, தக்காளி நேராக அதில் படக் கூடாது. புளிப்பும் உப்பும் அலுமினியத்தை அரிக்கும், மீனில் இரும்பைக் கடித்ததுபோல் ஒரு சுவை ஏறும். உள்ளே ஒரு துண்டு பேக்கிங் பேப்பர் விரித்துவிட்டால் கவலை இல்லை.

பிரிக்காமல் பார்ப்பது

ஓவனை 200 டிகிரியில் முன்கூட்டியே சூடாக்குங்கள். மேசை மேல் வைக்கிற சின்ன ஓவனுக்குப் பத்து நிமிடம் போதும். இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள துண்டுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு நிமிடம். ஒரு சென்டிமீட்டர்தான் என்றால் எட்டு நிமிடத்திலேயே பாருங்கள். எடையைப் பார்த்து நேரம் வைக்காதீர்கள், கனத்தைப் பார்த்து வையுங்கள். நான்கு பொட்டலம் வைத்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் வேகிறது; இடைவெளி விட்டு வைத்தால் ஓரிரு நிமிடம் கூடினாலே அதிகம்.

ஆட்டுக்கறி ஒரு மணி நேரம் கேட்கிறது, மீன் ஏன் இவ்வளவு சீக்கிரம்? ஆடு தன் எடையைக் காலில் சுமக்கிறது, தசையைக் கட்டி நிறுத்தக் கெட்டியான சவ்வு வேண்டும். மீனைத் தண்ணீரே தாங்குகிறது. அதன் தசை குட்டைக் குட்டை நார்களாக, அடுக்கடுக்காக, நடுவில் மெல்லிய சவ்வோடு இருக்கிறது. அந்தச் சவ்வு குறைந்த சூட்டிலேயே குழைந்துவிடும். வெந்த மீன் இதழ் இதழாகப் பிரிவது அந்த அடுக்குகள்தான். அதற்கு மேலும் சூடு ஏறினால் நார்கள் சுருங்கிச் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். செந்தூலில் அன்றைக்கு அந்தக் கூடுதல் பத்து நிமிடத்தில் நடந்தது அதுதான்.

வெந்துவிட்டதா என்று அறியப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம். மெல்லிய உலோகக் கம்பியைக் காகிதத்தின் வழியாகவே மீனின் கனமான இடத்தில் குத்தி, ஐந்து எண்ணி, எடுத்து மணிக்கட்டின் உள்பக்கத்தில் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கி, சூடாக வந்தால் ஆயிற்று. வெதுவெதுப்பு என்றால் இன்னும் இரண்டு நிமிடம். சமையல் வெப்பமானி இருந்தால் 63 டிகிரி என்பது பாதுகாப்பான அளவு. வெளியே எடுத்து இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். உள்ளே இருக்கும் ஆவி மீதி வேலையை முடித்துவிடும். கத்தரிக்கோலால் வெட்டும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, உங்களுக்கு எதிர்ப்பக்கமாக முதல் வெட்டைப் போடுங்கள். பிள்ளைகள் கையில் மூடிய பொட்டலத்தைக் கொடுக்கவே கூடாது.

ஏர் ஃப்ரையர் வைத்திருப்பவர்கள் 180 டிகிரியில் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம் வைக்கலாம். அதன் விசிறி காகிதத்தைத் தூக்கி மேலே இருக்கும் சூட்டுக் கம்பியில் ஒட்டவைத்துவிடும், அதனால் முனைகளை மீனுக்கு அடியில் நன்றாகச் செருகுங்கள். இட்லிப் பானையில் என்றால் தண்ணீர் கொதித்த பிறகு பன்னிரண்டு நிமிடம். ஓவன் இல்லையே என்று யாரும் காத்திருக்கத் தேவையில்லை.

ஏழு மணி வீடு

நான் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் வேலை செய்கிறேன், வீடு அக்கரையில் பிறைப் பக்கம். பாலத்தைத் தாண்டி வீடு சேர ஏழு மணி. நுழைந்ததும் ரைஸ் குக்கரில் அரிசியைப் போட்டுப் பொத்தானைத் தட்டுவேன், ஓவனைத் திருகுவேன், பிறகுதான் குளியல். இந்த வரிசை மாறினால் எல்லாம் மாறிவிடும். மீன் வெந்து காத்திருக்கக் கூடாது, சோறு காத்திருக்கலாம். குளித்து வந்து, போத்தலில் இருக்கும் மசாலாவைத் தடவி, நான்கு பொட்டலம் கட்டப் பத்து நிமிடம். ஏழே முக்காலுக்கெல்லாம் சாப்பாடு மேசைக்கு வந்துவிடும்.

ஆளுக்கொரு பொட்டலம் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருக்கிறது. மாமியாருக்கு இரத்த அழுத்தம், உப்பு அரைப்பங்கு. சின்னவனுக்குக் காரம் ஆகாது. வீட்டுக்காரருக்குப் பச்சைமிளகாய் இரண்டாகப் பிளந்து மேலே கிடக்க வேண்டும். குழம்பு என்றால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், பெரும்பாலும் மாமியார்தான். பொட்டலத்தின் மேல் பென்சிலால் முதல் எழுத்தைப் போட்டுவிடுகிறேன், அவரவருக்கு அவரவர் மீன். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சைவம். அன்றைக்கு மீன் இருந்த இடத்தில் தவ்ஃபுவும் காளானும், அதே சிவப்பு மசாலா.

பிரித்த பொட்டலத்தின் அடியில் மூன்று நான்கு கரண்டிச் சாறு தேங்கியிருக்கும். மீனின் ருசி முழுவதும் அதில் இறங்கியிருக்கும். காகிதத்தை ஒரு மூலையில் தூக்கி, சூடான சோற்றின் மேல் அப்படியே சாய்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு வேறு குழம்பு யாரும் கேட்டதில்லை.

வியாழக்கிழமை அண்ணன் மகள் மறுபடி அழைத்தாள். இந்த முறை செந்தூல் பாசாரில் ஒரு முழுக் கொடுவாவே வாங்கியிருக்கிறாள், பச்சை மசாலா அரைத்திருக்கிறாள். பின்னால் தோழிகளின் பேச்சும் தட்டுச் சத்தமும் கேட்டது.

“சாறை எல்லாரும் பங்கு போட்டு ஊத்திக்கிட்டோம் அத்தை. ஆனா நீங்க சொன்னீங்கன்னு தலையையும் வாங்கிட்டு வந்துட்டேன். அதை என்ன பண்றது?”

“ஃப்ரீசர்ல போடும்மா. சனிக்கிழமை காலையில ரயில் ஏறி வர்றேன், புளிக்குழம்பு வச்சுக் காட்டுறேன்.”